மூடியில் எழுதிய நேரம்

சிங்காநல்லூரில் அந்த அலுவலகம் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது. படி ஏறும்போதே மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்கும். நான் போனபோது காலை பத்து மணி. மில் வாசலில் டின்களும் தூக்குப்போசிகளும் வரிசை கட்டி நின்றன. ஆட்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் டின்னை வரிசையில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள்.

மேலே, எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். சில கல்லூரிகளுக்குக் கட்டணம் கட்டும் இணையதளத்தை நடத்துகிறார்கள். சாதாரண நாட்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டால் தளம் திணறிப்போகிறது. பக்கம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று மாணவர்களிடமிருந்து போன் மேல் போன். ஆனால் சர்வரின் பதிவுகளைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் எனக்குப் பழக்கமானவள். ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு லாக்கைத் திறந்து காட்டினாள்.

“பாருங்க்கா, போன மாசக் கடைசி நாள் இது. எந்தப் பக்கமும் அரை செகண்டைத் தாண்டலை. ஸ்லோ லாக் சுத்தமா காலி. பசங்க நெட்டுதான் மோசமா இருக்கும்னு காலேஜுக்குச் சொல்லிட்டோம்.”

“இந்த நேரத்தை யாரு எழுதறா?”

“நம்ம புரோகிராம்தானுங்க்கா. பக்கம் ஆரம்பிக்கறப்ப மணி பார்க்குது, பக்கத்தை அனுப்பறப்ப திரும்ப மணி பார்க்குது. ரெண்டையும் கழிச்சு எழுதிருது.”

அவள் சொன்னது சரி. கடிகாரமும் பொய் சொல்லவில்லை. ஆனால் மாணவர் பொத்தானை அழுத்திய நொடிக்கும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிய நொடிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அந்த லாக்கில் எங்கும் இல்லை. அதைத் தேடித்தான் அன்றைய பொழுது போயிற்று.

அவர்களுடைய சர்வர் நம் ஊரில் பல இடங்களில் இருக்கும் அதே அமைப்புதான். முன்னால் என்ஜின்எக்ஸ். வெளியிலிருந்து வரும் எல்லாக் கோரிக்கையையும் வாங்குவது அது. படம், எழுத்துரு போன்றவற்றைத் தானே கொடுத்துவிடும். பிஎச்பி வேலை இருந்தால் பின்னால் இருக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மிடம் தள்ளிவிடும். அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையில் வொர்க்கர்கள் இருப்பார்கள். ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் பார்ப்பார். அதை முடித்த பிறகுதான் அடுத்தது.

முதலில் என்ஜின்எக்ஸின் லாக்கைத் திறந்தோம். அதில் நேர அளவே இல்லை. என்ஜின்எக்ஸ் முன்னிருப்பாக எழுதும் வடிவத்தில் கோரிக்கை முடிந்த மணி இருக்கும், முகவரி இருக்கும், எத்தனை பைட் போனது என்று இருக்கும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பது மட்டும் இருக்காது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். (அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். லாக் வடிவத்தில் சதவீதக் குறியும் பெரிய டி (D) எழுத்தும் சேர்த்தால் மைக்ரோ நொடியில் நேரம் வரும்.)

நான்கு அளவுகளைச் சேர்த்தோம். ரிக்வெஸ்ட் டைம் என்பது கோரிக்கையின் முதல் பைட் என்ஜின்எக்ஸ் கைக்கு வந்ததிலிருந்து பதிலின் கடைசி பைட்டை அது கையைவிட்டு அனுப்பும் வரை. மற்ற மூன்றும் பின்னால் இருப்பவரைப் பற்றியவை: இணைப்புக் கிடைக்க ஆன நேரம், பதிலின் தலைப்பு வர ஆன நேரம், பதில் முழுதும் வந்து சேர ஆன நேரம். எல்லாம் நொடிக்கணக்கில், மில்லி நொடித் துல்லியத்தோடு.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் கைவைக்காமல், மூலையில் சும்மா இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இதே அமைப்பை ஏற்றினோம். பிஎச்பியில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அதற்கு ஒரே வேலைதான்: 200 மில்லி நொடி தூங்கிவிட்டு ‘சரி’ என்று சொல்ல வேண்டும். வொர்க்கர்கள் ஐந்து பேர். ஐவரும் எப்போதும் தயாராக நிற்கும்படி நிலையான முறைக்கு மாற்றினோம். இல்லையென்றால் எஃப்பிஎம் வொர்க்கர்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும், கணக்குக் கலங்கிவிடும். பிறகு ஒரே நேரத்தில் 50 கோரிக்கைகளை அனுப்பினோம்.

புரோகிராமின் லாக்கில் ஐம்பது வரிகளிலும் 0.20. ஒன்றுகூடப் பிசகவில்லை.

என்ஜின்எக்ஸ் லாக்கில் முதல் ஐந்து வரிகளில் 0.20. அடுத்த ஐந்தில் 0.40. அதற்கடுத்து 0.60. கடைசி ஐந்தில் 2.00.

அவள் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைசியாக வந்தவர் இரண்டு நொடி நின்றிருக்கிறார்; அவருக்காக வேலை நடந்தது அதில் பத்தில் ஒரு பங்கு. மீதி 1.8 நொடி புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இணைப்புக் கிடைக்க ஆன நேரம் ஐம்பது வரிகளிலும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. உடனே இணைப்புக் கிடைத்துவிட்டதே, அப்புறம் எங்கே காத்திருப்பு? இணைப்பை முதலில் ஏற்றுக்கொள்வது பிஎச்பி அல்ல, லினக்ஸ் கெர்னல். கைகுலுக்கலை முடித்து, வந்தவரை ஒரு வரிசையில் உட்கார வைத்துவிடுவது அதுதான். வொர்க்கர் எவரும் அவர் முகத்தை இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். என்ஜின்எக்ஸோ இணைப்புக் கிடைத்தாயிற்று என்று எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். அதனால் வரிசையில் நின்ற நேரமும் வேலை நடந்த நேரமும் ஒன்றாகக் கலந்து, பின்னால் இருப்பவரின் பதில் நேரம் என்ற ஒரே எண்ணுக்குள் போய்விடுகின்றன.

அந்த வரிசையைக் கண்ணாலேயே பார்க்க முடியும். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளை இருக்கிறது. காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும் போர்ட்களை மட்டும் காட்டச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வரும். ரிசீவ் கியூ என்பது இப்போது வரிசையில் இருப்பவர்கள். சென்ட் கியூ என்பது வரிசை எவ்வளவு நீளலாம் என்ற வரம்பு. எஃப்பிஎம்மின் 9000 போர்ட்டை நொடிக்கு ஐந்து முறை பார்க்கும்படி வைத்துவிட்டு, மறுபடியும் ஐம்பதை அனுப்பினாள். 45 என்று எழுந்தது. பிறகு 40, 35, 30 என்று ஐந்தைந்தாக இறங்கி இரண்டு நொடிக்குள் பூஜ்யம்.

“இத்தனை நாளா இங்கதான் நின்னுட்டு இருந்தாங்களாக்கா?” என்றாள்.

எஃப்பிஎம்மிலேயே ஒரு நிலைப் பக்கம் உண்டு. வரிசை நீளம், அதிகபட்சமாக எவ்வளவு நீண்டது, எத்தனை வொர்க்கர்கள் வேலையில் இருக்கிறார்கள் எல்லாம் அதில் வரும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கொடுப்பதும் ஒரு வொர்க்கர்தான். நெருக்கடி நேரத்தில் நிலையைக் கேட்கப் போனால் நாமும் அதே வரிசையில் நிற்க வேண்டும். நம் முறை வருவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். பிஎச்பி 8.0-இல் நிலைப் பக்கத்துக்கென்று தனி வாசல் வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. அதைத் திறந்து வைத்தோம்.

டீ குடிக்கக் கீழே இறங்கினோம். மில்லின் சத்தத்தில் பேச்சே காதில் விழவில்லை. ஒரு டின் அரிசிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மில்காரரிடம் கேட்டேன்.

“அஞ்சு கிலோன்னா அஞ்சு நிமிசத்துல ஓட்டிருவனுங்.”

“இந்த டின் எப்ப வந்துச்சுங்க?”

“அது தெரியாதுங். வரிசைப்படி எடுப்பனுங், அவ்வளவுதான்.”

ஒவ்வொரு மூடியிலும் சாக்பீஸில் பேர் எழுதியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பேரோட நேரத்தையும் எழுதிட்டாப் போதுமில்லீங்க்கா?” என்றாள். நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

மேலே வந்து, இப்போது ஓடும் தளத்திலேயே, செய்தது அதைத்தான். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையை எஃப்பிஎம்முக்கு அனுப்பும்போது, அந்த நொடியின் மணியை ஒரு தலைப்பில் எழுதி அனுப்பும்படி அமைப்பில் ஒரு வரி சேர்த்தோம். எக்ஸ் ரிக்வெஸ்ட் ஸ்டார்ட் என்று அதற்குப் பெயர் வைப்பது பலரும் பின்பற்றும் வழக்கம். வொர்க்கர் கோரிக்கையைக் கையில் எடுத்ததும், மற்ற எதற்கும் முன்னால், தன் மணியிலிருந்து மூடியில் எழுதிய மணியைக் கழிக்க வேண்டும். கிடைப்பதுதான் காத்திருந்த நேரம். புரோகிராமில் எங்கும் கைவைக்கவில்லை. எந்தப் பக்கத்துக்கும் முன்னால் ஒரு கோப்பைத் தானாகவே ஓட்டும் வசதி பிஎச்பியில் இருக்கிறது. அந்தக் கோப்பில் நான்கு வரி போதுமாக இருந்தது. கழித்து வந்த எண்ணை வொர்க்கர் பதிலின் தலைப்பில் வைத்துத் திருப்பி அனுப்ப, என்ஜின்எக்ஸ் அதை எடுத்துத் தன் லாக்கிலேயே எழுதிக்கொண்டது. மாணவர்களின் கைக்குப் போகும் முன் அந்தத் தலைப்பை மறைத்துவிட்டோம். இனி ஒரே வரியில் மொத்தமும் காத்திருப்பும் தனித்தனியாகத் தெரியும்.

என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதால் இது சுலபம். முன்னால் நிற்பது வேறு இயந்திரம் என்றால் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். சில மில்லி நொடி முன்பின்னாக இருந்தாலும் காத்திருப்பு மைனஸில் வரலாம். அப்படி வந்தால் பூஜ்யம் என்று திருத்தி எழுதிவிடாதீர்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த கடைசி நாளன்று மறுபடியும் போனேன். காலையில் லாக் அமைதியாக ஓடியது. காத்திருப்புப் பத்தியில் எல்லாம் பூஜ்யம். பதினோரு மணியை நெருங்கும்போது 0.3, 0.9 என்று எண்கள் தலைகாட்டின. பிறகு ஒரு வரி வந்தது. வேலை 0.31, காத்திருப்பு 7.84. அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும். எந்த மாணவரையும் நெட் மோசம் என்று சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது என்று அவள் முணுமுணுத்தது கேட்டது.

நடுநடுவே 499 என்ற குறியோடு வரிகள் வந்தன. பதில் வருமுன்னே அந்தப் பக்கம் இருப்பவர் இணைப்பை மூடிவிட்டார் என்று என்ஜின்எக்ஸ் எழுதும் குறி அது. பொறுமை போய்ப் பக்கத்தைப் புதுப்பித்திருக்கிறார். புதுப்பித்தால் பழைய கோரிக்கை வரிசையிலிருந்து போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், போகாது. ஆள் கிளம்பிப் போனாலும் டின் வரிசையிலேயே இருக்கிறது. அதன் முறை வந்ததும் வொர்க்கர் அதை எடுத்து, வாங்கிக்கொள்ள ஆளில்லாத மாவை அரைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். காத்திருப்பு நீள நீளப் புதுப்பிப்பவர்கள் கூடுகிறார்கள், அதனால் காத்திருப்பு இன்னும் நீள்கிறது.

ஏன் ஐந்து வொர்க்கர்கள்? யாரும் யோசித்து வைத்ததல்ல. பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்பில் அதிகபட்சம் 5 என்று இருக்கிறது. சர்வரை ஏற்றிய நாளிலிருந்து அப்படியே ஓடுகிறது. எஃப்பிஎம்மின் சொந்த லாக்கைத் திறந்தால், வரம்பைத் தொட்டாயிற்று, உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள் என்று அது பல மாதங்களாகவே எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை.

“ஐம்பதாக்கிரட்டுங்களாக்கா?” என்றாள்.

வேண்டாம் என்றேன். அந்த சர்வரில் 4 ஜிபி நினைவகம், டேட்டாபேஸும் அதிலேதான். ஒரு வொர்க்கர் சுமார் 60 எம்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது பேர் என்றால் 3 ஜிபி. டேட்டாபேஸுக்கு மூச்சு முட்டும். தவிர ப்ராசஸர் கோர் இரண்டுதான். கணக்குப் போடும் வேலையாக இருந்தால், ஐம்பது பேரை உள்ளே விட்டாலும் இரண்டு அடுப்பில்தான் சமையல். காத்திருப்புப் பத்தி குறையும், வேலைப் பத்தி அதே அளவு வீங்கும். மாணவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு பத்திகளையும் சேர்த்துப் பார்க்காமல் வொர்க்கர் எண்ணிக்கையை மாற்றுவது, மருந்தின் பெயரைப் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது போலத்தான்.

ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. வேலைக்கு 0.3 நொடி என்றால், ஐந்து வொர்க்கர்கள் நொடிக்குப் பதினாறு கோரிக்கைகளை முடிக்க வேண்டும். பின்னாளில் அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். எங்கள் சோதனையிலும் நொடிக்கு 25, ஆளுக்கு 0.2 நொடி, பெருக்கினால் ஐந்து வொர்க்கர்கள் என்று கச்சிதமாக வந்தது. ஆனால் அன்று லாக்கில் நொடிக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் வரவில்லை, ஐந்து வொர்க்கர்களும் ஓயாமல் வேலையில் இருந்தார்கள். அப்படியென்றால் ஒவ்வொருவரும் 0.3 நொடிக்கு மேல் பிடிபட்டுக் கிடக்கிறார்கள். எங்கே?

எஃப்பிஎம்மின் சொந்த அணுகல் லாக்கை இயக்கி, ஒரு கோரிக்கை வொர்க்கரைப் பிடித்து வைத்த நேரத்தை எழுதச் சொன்னோம். ரசீதுப் பக்கம் 2.3 நொடி. புரோகிராமின் லாக்கில் அதே பக்கம் 0.3.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பணம் கட்டியதும் மாணவரின் போனுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதற்கு வெளி நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுப் பதிலுக்கு இரண்டு நொடி காத்திருக்க வேண்டியிருந்தது. மாணவரைக் காக்க வைக்க வேண்டாமே என்று, பதிலை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு எஸ்எம்எஸ் வேலையைப் பார்க்கும்படி அவள்தான் போன வருடம் மாற்றியிருந்தாள். பிஎச்பி-எஃப்பிஎம்மில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. அக்கறையோடு செய்த வேலை, பணம் கட்டிய மாணவருக்கு ரசீது உடனே வந்தது. ஆனால் வொர்க்கர் விடுபடவில்லை. பதில் போன பிறகும் இரண்டு நொடி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த இரண்டு நொடி, பின்னால் நிற்கும் யாரோ ஒருவரின் காத்திருப்பில் போய் ஏறுகிறது. ஒரு கோரிக்கை 5 நொடியைத் தாண்டினால்தான் ஸ்லோ லாக் எழுதும் என்று வைத்திருந்ததால் அங்கேயும் சிக்கவில்லை.

கடிகாரம் தாமதமாகத் தொடங்கியது, சீக்கிரமாகவும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் விட்டுப்போன நேரத்தில்தான் அந்தத் தளத்தின் கோளாறு முழுவதும் இருந்தது.

ரசீது ஒன்றுக்கு 2.3 நொடி என்றால் ஐந்து வொர்க்கர்களால் நொடிக்கு இரண்டு ரசீதுதான் கொடுக்க முடியும். 0.3 என்றால் பதினாறு. அன்று மாலையே எஸ்எம்எஸ்ஸை டேட்டாபேஸில் ஒரு அட்டவணையில் எழுதிவைத்துவிட்டு, அதை எடுத்து அனுப்பத் தனியாக ஒரு சிறு புரோகிராமை ஓடவிட்டாள். வொர்க்கர்களை எட்டாக மட்டும் உயர்த்தினோம்.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜின்எக்ஸ் லாக்கில் நேரம் வரத் தொடங்கிய பிறகு அவள் அதிலிருந்து எடுத்த அன்றாடச் சராசரியையும் காட்டினாள், அழகான எண். அதில் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் சேர்ந்திருந்தன. அவை பூஜ்யத்தில் முடிந்து சராசரியைக் கீழே இழுத்துவிடும். இரவு மூன்று மணிக்கு வந்த கோரிக்கைகளும் அப்படித்தான். பிஎச்பி வரிகளை மட்டும் பிரித்து, நெருக்கடி நேரத்தை மட்டும் எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நூற்றில் 95-வது ஆள் எவ்வளவு காத்திருந்தார், 99-வது ஆள் எவ்வளவு காத்திருந்தார் என்று பாருங்கள். போன் செய்து திட்டுவது அந்த 99-வது ஆள்தான். அவர் சொல்வது உண்மை.

இத்தனைக்குப் பிறகும் மாணவரின் முழு அனுபவமும் நம் லாக்கில் வந்துவிடாது. என்ஜின்எக்ஸின் கடிகாரம் முதல் பைட்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் இணைப்புக்கும் பூட்டுச் சாவிப் பரிமாற்றத்துக்கும் ஆன நேரம் அதில் இல்லை. கடைசி பைட்டை கெர்னலிடம் ஒப்படைத்ததும் அது நின்றுவிடும். வால்பாறை மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் அந்தப் பைட் எப்போது போய்ச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. அதையும் அளக்க வேண்டுமென்றால் உலாவியையே கேட்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் முதலில் நம் வீட்டு வரிசை.

அடுத்த பருவத்தின் கடைசி நாள் இரவு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நெருக்கடி மணியில் 95-வது ஆளின் காத்திருப்பு 0.1 நொடிக்குள். 499 வரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நீங்கள் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால், உங்கள் லாக்கில் இருக்கும் நேரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வந்த மணியை எழுதும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் போதும். நடந்துகொண்டிருக்கும் எந்தக் கோரிக்கையும் நடுவில் அறுந்துபோகாது.